பெல்ட் போட்டாச்சு... கொக்கியை எங்கே மாட்டுவது? மாடிக் கட்டிடங்களில் தொங்கி வேலை பார்க்கும் தொழிலாளர்களைக் காக்கும் விதிமுறைகள்

நெல்லை:-

தீபாவளி, பொங்கல் நெருங்கினால் போதும். வண்ணார்பேட்டை, ஜங்ஷன், டவுன், பாளை மார்க்கெட் என்று நெல்லை மாநகரின் பெரிய கட்டிடங்களுக்கு எல்லாம் புது வர்ணம் ஏறத் தொடங்கி விடும். கண்ணாடி எலிவேஷன் வைத்த கடைகளுக்கும், ஆஸ்பத்திரிகளுக்கும், லாட்ஜுகளுக்கும் தூசி தட்டும் வேலை வருடம் முழுக்க நடக்கிறது. 5-வது மாடி உயரத்தில் ஒரு பலகையில் உட்கார்ந்து, ஒரு கையில் வாளியும் மறு கையில் பிரஷ்ஷுமாக ஒருவர் தொங்கிக் கொண்டு இருப்பார். கீழே போகிறவர்கள் நின்று அண்ணாந்து பார்த்து, "எம்மாடி, எவ்வளவு தைரியம்" என்று சொல்லி விட்டு பஸ் ஏறப் போய் விடுவார்கள்.

அவர் பெல்ட் போட்டிருக்கிறாரா என்றுதான் எல்லோரும் பார்க்கிறோம். அந்த பெல்ட்டின் கயிறு மொட்டை மாடியில் எதில் கட்டப்பட்டு இருக்கிறது என்று யாரும் பார்ப்பது இல்லை. உயிர் இருப்பது அங்கேதான். அதுபற்றிய விவரம் வருமாறு:-

சாரமா, கயிறா?

முன்பெல்லாம் உயரமான வேலை என்றால் சாரம்தான். கோவில் கோபுரத்துக்கு திருப்பணி நடக்கும்போது சவுக்குக் கம்புகளை அடி முதல் கலசம் வரை அடுக்கிக் கட்டி இருப்பதை நாம் பார்த்து இருக்கிறோம். சாரத்தில் நிற்க இடம் உண்டு, பிடிக்கக் கம்பு உண்டு. ஆனால் அதைக் கட்டி முடிக்கவே பல நாள் ஆகும். கம்புக்கு வாடகை, கட்டுகிற ஆளுக்குக் கூலி, பிரிக்கிற கூலி என்று செலவும் கூடும். கடை வாசலை மறைத்து விடும் என்பதால் பண்டிகை நேரத்தில் முதலாளிகளும் சம்மதிக்க மாட்டார்கள்.

கயிற்றில் தொங்கினால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து சில நாளில் வேலையை முடித்து விடலாம். அதனால் கண்டிராக்டர்கள் கயிறுக்கு மாறி விட்டார்கள். கயிறு வேலை தப்பு இல்லை. உலகம் முழுக்க வானளாவிய கட்டிடங்களில் கயிற்றில் தொங்கித்தான் கண்ணாடி துடைக்கிறார்கள். ஆனால் அங்கே கயிறு கட்டுவதற்கு என்றே மொட்டை மாடியில் இரும்புக் கொக்கி பதித்து இருக்கும். "ஆங்கர்" என்பார்கள். நம்ம ஊர் கட்டிடங்களில் பெரும்பாலும் அது கிடையாது. மேலே ஏறிப் போகும் பெயிண்டர், கண்ணில் பட்டதில் கட்ட வேண்டியதுதான்.

கண்ணில் படுவது என்ன?

முதலில் படுவது கைப்பிடிச்சுவர். பெரும்பாலும் நாலரை அங்குலச் செங்கல் சுவர், 3 அடி உயரம். ஒரு அடி நீளச் சுவரின் எடை 60 கிலோ சொச்சம்தான் வரும். தளத்தின் மேல் சும்மா உட்கார்ந்து இருக்கும் சுவர் அது. ஆள் சாய்ந்து வேடிக்கை பார்க்கக் கட்டியதே தவிர, ஆளைத் தொங்க விடக் கட்டியது அல்ல. மழையில் ஊறி, வெயிலில் வெடித்து, பூச்சு மட்டும் அழகாக இருக்கும் சுவர்கள் எத்தனையோ இருக்கின்றன.

அடுத்தது தண்ணீர்த் தொட்டி. ஆயிரம் லிட்டர் தொட்டி நிறைந்து இருந்தால் ஆயிரம் கிலோ எடைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காலையில் நிறைந்து இருந்த தொட்டி, லாட்ஜில் தங்கி இருக்கிறவர்கள் குளித்து முடித்ததும் காலி ஆகி விடும். மேலே தொட்டி காலி ஆவது கீழே தொங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? நிறைந்த தொட்டியே ஆனாலும் இழுத்தால் நகரும். தொட்டிக்குப் போகும் பைப்பில் கட்டுவது அதைவிட மோசம்.

மூன்றாவது, அடுத்த மாடி கட்டலாம் என்று தூணுக்கு மேல் நீட்டி விட்டு இருக்கும் கம்பிகள். இதுதான் பார்க்க ரொம்பவும் பலமாகத் தெரியும். அந்த அடுத்த மாடி பத்து வருடமாக வராமல், கம்பி அடிப்பகுதியில் துருவேறி பென்சில் மாதிரி மெலிந்து போய் இருக்கும். கயிறும் அந்தத் துருவில் உரசி அறுபடும். ஏ.சி. ஸ்டாண்டு, டிஷ் ஆண்டெனா, இடிதாங்கிக் கம்பி, படிக்கட்டு அறையின் கிரில் கதவு இவற்றிலும் கட்டுகிறார்கள். எதுவுமே அதற்காக வைத்தது இல்லை.

80 கிலோ ஆளுக்கு 2 ஆயிரம் கிலோ எதற்கு?

அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு விதிப்படி, கயிற்றில் இறங்கி வேலை பார்க்கும் ஒவ்வொரு ஆளுக்கும் மேலே உள்ள பிடிமானம் 5 ஆயிரம் பவுண்டு, அதாவது சுமார் 2 ஆயிரத்து 268 கிலோ இழுவையைத் தாங்க வேண்டும். ஐரோப்பிய தரத்தில் ஒரு ஆங்கரை சுமார் ஆயிரத்து 200 கிலோ இழுவையில் சோதிக்கிறார்கள். இதைச் சொன்னால், "நான் இருப்பதே 60 கிலோ, எதுக்கு அண்ணாச்சி இம்புட்டு?" என்றுதான் கேட்பார்கள்.

நியாயமான கேள்வி. பதில் இதுதான். நீங்கள் சும்மா தொங்கும்போது கயிற்றுக்கு உங்கள் எடை மட்டும்தான் சுமை. விழுந்து, கயிறு வெடுக்கென்று பிடிக்கும்போது சுமை பல மடங்கு ஆகி விடும். கிணற்றில் வாளியை மெதுவாக இறக்குவதற்கும், கயிறோடு தொபீர் என்று விட்டு நடுவில் பிடித்து நிறுத்துவதற்கும் உள்ள வித்தியாசம் நம் கைக்குத் தெரியும். அதேதான்.

80 கிலோ ஆள் 2 மீட்டர் விழுகிறார் என்று வைத்துக் கொள்வோம். அதற்கு முக்கால் நொடி கூட ஆகாது. அதற்குள் வேகம் மணிக்கு 22 கிலோ மீட்டரைத் தொட்டு விடும். கயிறு அவரை 20 சென்டி மீட்டருக்குள் நிறுத்தினால், அந்த நேரத்தில் பிடிமானத்தின் மேல் விழும் இழுவை சராசரியாகவே 800 கிலோவைத் தாண்டும். உச்சத்தில் இன்னும் கூடும். இந்த இழுவையை நாலரை அங்குலச் சுவர் தாங்குமா என்று கொத்தனாரைக் கேட்டாலே சொல்லி விடுவார்.

இந்த அதிர்ச்சி மனிதன் உடம்பிலும் இறங்கும். இடுப்பில் மட்டும் கட்டும் பழைய பெல்ட் என்றால் முதுகெலும்பும் வயிற்று உறுப்புகளும் அடி வாங்கும், ஆள் தலைகீழாகத் தொங்கவும் நேரும். அதனால்தான் தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கும் முழு உடல் பெல்ட் கேட்கிறார்கள். நம் நாட்டில் அதற்கு ஐ.எஸ். 3521 என்ற தரம் இருக்கிறது. வாங்கும்போது அந்த எண்ணையும் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் பார்க்க வேண்டும். பெல்ட்டின் பின்னால் மடித்துத் தைத்த ஒரு சிறு பை மாதிரி இருக்கும். அதுதான் அதிர்ச்சி தாங்கி. விழும்போது அந்தத் தையல் பிரிந்து பிரிந்து வேகத்தைக் குறைக்கும். இழுவை சுமார் 600 கிலோவுக்கு மேல் போகாமல் பார்த்துக் கொள்ளும். ஒரு தடவை பிரிந்து விட்டால் அது குப்பைக்குத்தான். திரும்பத் தைத்துப் போடக் கூடாது.

இன்னொரு விஷயம். 2 மீட்டர் கயிறு, பிரியும் தையல் ஒன்றே முக்கால் மீட்டர், ஆளின் உயரம் என்று எல்லாம் கூட்டினால் ஏறக்குறைய 6 மீட்டர், அதாவது 20 அடி கீழே காலி இடம் வேண்டும். முதல் மாடியில் நின்று கொண்டு நீளக் கயிறு மாட்டினால் பெல்ட் பிடிப்பதற்குள் தரை வந்து விடும். தாழ்வான இடத்தில் கயிறு குட்டையாக இருக்க வேண்டும், கொக்கி தலைக்கு மேலே இருக்க வேண்டும்.

இரண்டு கயிறு, இரண்டு இடம்

தொங்கி வேலை பார்ப்பதில் உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட அடிப்படை இதுதான். ஆள் உட்கார்ந்து இருக்கும் கயிறு ஒன்று. பெல்ட்டை மாட்டும் உயிர்க்கயிறு வேறு ஒன்று. இரண்டையும் வேறு வேறு இடத்தில் கட்ட வேண்டும். நம்ம ஊரில் சில இடங்களில் இரண்டு கயிறும் இருக்கும், ஆனால் இரண்டையும் ஒரே பைப்பில் கட்டி இருப்பார்கள். பைப் பெயர்ந்தால் இரண்டும் சேர்ந்து வரும். சிலர் பெல்ட்டை உட்கார்ந்து இருக்கும் பலகையிலேயே மாட்டி விடுவது உண்டு. பலகை விழுந்தால் ஆளையும் கூட்டிக்கொண்டுதான் போகும்.

2007-ம் ஆண்டு டிசம்பர் 7-ந் தேதி அமெரிக்காவின் நியூயார்க் நகரில் நடந்தது இதற்குப் பெரிய உதாரணம். ஈக்வடார் நாட்டில் இருந்து பிழைக்கப் போன அண்ணன், தம்பி இரண்டு பேர் 47 மாடிக் கட்டிடத்தில் கண்ணாடி துடைக்க மொட்டை மாடியில் இருந்து தொங்கு மேடையில் ஏறினார்கள். ஏறியதும் மேலே கம்பிக் கயிறுகளின் பிடி விட்டது. இரண்டு பேரும் பெல்ட்டை உயிர்க்கயிற்றில் மாட்டி இருக்கவில்லை. மேடையோடு கீழே விழுந்தார்கள். தம்பி அந்த இடத்திலேயே இறந்து போனார். அண்ணன் பல ஆபரேஷன்களுக்குப் பிறகு பிழைத்து, கிறிஸ்துமஸ் அன்று கண் விழித்துப் பேசினார். டாக்டர்களே அதிசயம் என்றார்கள்.

அதே நகரில் 2014-ம் ஆண்டு நவம்பர் 12-ந் தேதி, புதிய உலக வர்த்தக மையக் கட்டிடத்தில் 69-வது மாடி உயரத்தில் தொங்கு மேடை ஒரு பக்கம் சரிந்து செங்குத்தாக நின்றது. அதில் இருந்த இரண்டு பேரும் பெல்ட் மாட்டி இருந்தார்கள். தீயணைப்பு வீரர்கள் 68-வது மாடியில் உள்ளே இருந்து கண்ணாடியை அறுத்து 2 மணி நேரத்துக்குள் அவர்களை உயிரோடு உள்ளே இழுத்து விட்டார்கள்.

கயிறுக்கும் ஆயுள் உண்டு

நல்ல கொக்கியில் கட்டினாலும் கயிறு நன்றாக இருக்க வேண்டும். கயிறு அதிகம் அறுபடுவது சுவர் விளிம்பில். ஆள் இறங்க இறங்க, அசைய அசைய, சிமெண்டு முனை அரம் மாதிரி அறுக்கும். அந்த இடத்தில் மடித்த சாக்கோ, நீளவாக்கில் கீறிய தடித்த ரப்பர் டியூப்போ வைக்க வேண்டும். இதற்குச் செலவே கிடையாது. இருந்தும் விட்டு விடுகிறார்கள்.

அடுத்த எதிரி ஆசிட். டைல்ஸில் ஒட்டிய சிமெண்டுக் கறையை எடுக்க ஆசிட் ஊற்றித் தேய்ப்பது இங்கே வழக்கம். நைலான் கயிறு ஆசிட் பட்டால் வெளியே ஒன்றும் தெரியாமலே உள்ளுக்குள் நைந்து விடும். மூன்றாவது எதிரி நம்ம ஊர் வெயில். மொட்டை மாடியிலேயே மாதக்கணக்கில் சுருட்டிப் போட்ட கயிறு விறைத்து, மேலே பொடி உதிர்ந்தால் அதை மாடு கட்டக் கொடுத்து விடலாம். ஆள் கட்டக் கூடாது.

மேலே ஒரு ஆள் காவலுக்கு இருப்பதும் முக்கியம். தாய்லாந்தில் பாங்காக் நகரை ஒட்டிய நோந்தபுரியில் 2021-ம் ஆண்டு அக்டோபர் மாதம், தன் ஜன்னல் பக்கம் பெயிண்டர்கள் தொங்கியது பிடிக்காத ஒரு பெண் கயிற்றையே வெட்டி விட்டார். இன்னொரு மாடியில் குடி இருந்தவர்கள் ஜன்னலைத் திறந்து அந்தப் பெயிண்டர்களை உள்ளே இழுத்துக் காப்பாற்றினார்கள். இங்கே அப்படி யாரும் செய்ய மாட்டார்கள்தான். ஆனால் துணி காயப்போட வந்தவர் "இது என்ன கயிறு குறுக்கே" என்று அவிழ்த்து விட எவ்வளவு நேரம் ஆகும்? கட்டிடத்தில் இருப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி, மாடிக் கதவைப் பூட்டி, ஒரு ஆளை நிறுத்த வேண்டும். கீழேயும் கயிறு கட்டித் தடுத்து, யாரும் நடக்காமல் பார்க்க வேண்டும். வாளி விழுந்தாலும் உயிர் போகும்.

ஆனி, ஆடிக் காற்று

நெல்லைக்கு என்று தனியாக ஒரு ஆபத்து இருக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்டு வரை மேற்குத் தொடர்ச்சி மலைக் கணவாய் வழியாக அடிக்கும் காற்று. அந்தக் காற்றை நம்பித்தான் பணகுடி, முப்பந்தல், கயத்தாறு பக்கம் ஆயிரக்கணக்கில் காற்றாலைகள் நிற்கின்றன. அதே காற்று ஊருக்குள் பெரிய கட்டிடத்தின் மூலையில் மோதும்போது இன்னும் வேகம் எடுக்கும். பலகையில் தொங்குகிறவரை ஊஞ்சல் மாதிரி ஆட்டி சுவரில் மோத விடும். கொக்கிக்கு நேர் கீழே இல்லாமல் பக்கவாட்டில் எட்டி எட்டி வேலை பார்ப்பவருக்கும் இதே கதிதான். கால் வழுக்கினால் கீழே விழ மாட்டார், ஆனால் வீசி எறியப்பட்டு மூலைச் சுவரில் அடிபடுவார். காற்று தூக்கும் நாளில் தொங்கு வேலையை நிறுத்தி விடுவதுதான் ஒரே வழி.

அந்தக் காற்றாலைகளையே எடுத்துக் கொள்வோம். பழுது பார்க்க மேலே ஏறும் ஊழியர்கள் முழு உடல் பெல்ட் போட்டு, ஏணியோடு சேர்ந்து ஓடும் கம்பியிலோ தண்டவாளத்திலோ கொக்கியை மாட்டிக் கொண்டுதான் ஏற வேண்டும் என்பது அந்தத் தொழிலின் நடைமுறை. பெல்ட்டை மாட்ட வேண்டிய இடம் கோபுரத்தோடு சேர்த்தே தயாராகி வருகிறது. நம்ம மாவட்டத்துப் பையன்கள்தான் அங்கேயும் வேலை பார்க்கிறார்கள். காட்டுக்குள் இருக்கிற காற்றாலைக்கு உள்ள வசதி, ஊர் நடுவில் உள்ள கடை மாடிக்கு ஏன் இல்லை என்பதுதான் நம் கேள்வி.

தொங்கிக்கொண்டு இருப்பவரை இறக்குவது யார்?

பெல்ட் பிடித்து விட்டது, உயிர் தப்பியது என்று நிம்மதிப்பட முடியாது. பெல்ட்டில் அசையாமல் தொங்கினால் தொடைப் பட்டை இறுக்கி, ரத்தம் காலில் தேங்கி, சிறிது நேரத்திலேயே மயக்கம் வரும். அதிக நேரம் ஆனால் உயிருக்கே ஆபத்து. தீயணைப்பு வண்டி வரட்டும் என்று கை கட்டி நிற்கக் கூடாது. 101, 108-க்கு போன் போட்டு விட்டு, அவரை எப்படி உள்ளே இழுப்பது என்பதை வேலை தொடங்கும் முன்பே பேசி வைத்து இருக்க வேண்டும். கயிறில் தொங்குபவர் சுயநினைவோடு இருந்தால் காலை உதைத்து அசைத்துக் கொண்டே இருக்கச் சொல்ல வேண்டும்.

பொறுப்பு யாருடையது?

இங்கேதான் எல்லோரும் கை விரிக்கிறார்கள். முதலாளியைக் கேட்டால் "கண்டிராக்டரிடம் விட்டாச்சு" என்பார். கண்டிராக்டரைக் கேட்டால் "பெல்ட் கொடுத்தேன், அவன்தான் போடல" என்பார். பெயிண்டரோ "பெல்ட் போட்டா வேலை ஓடாது" என்பார். மூன்று பேர் பேச்சிலும் கொக்கி வரவே வராது.

அமெரிக்காவில் 2017-ம் ஆண்டு அமலுக்கு வந்த விதி இதற்கு ஒரு முடிவு கட்டியது. மாடியில் உள்ள பிடிமானங்களை சோதித்து, அவை தாங்கும் என்று கட்டிட உரிமையாளர் எழுத்து மூலமாகக் கொடுக்க வேண்டும். அந்தக் காகிதம் கைக்கு வராமல் கண்டிராக்டர் ஆளை இறக்கக் கூடாது. வருடத்துக்கு ஒரு முறை பரிசோதனை, தேவைப்படும்போதும், எப்படியும் 10 வருடத்துக்கு ஒரு முறையாவதும் மறுசான்று. சிங்கப்பூரிலும் 2013-ம் ஆண்டு முதல் உயர வேலைக்கு என்றே தனி விதிகள் உண்டு. 3 மீட்டருக்கு மேல் விழ வாய்ப்பு உள்ள வேலை என்றால் "பெர்மிட்" இல்லாமல் ஏற முடியாது. அங்கே போய் வந்த நம்ம ஊர் ஆட்களைக் கேட்டால் இதைக் கதை கதையாகச் சொல்வார்கள். அதே ஆள் ஊருக்கு வந்ததும் தண்ணீர் பைப்பில் கயிறு கட்டுகிறார். அவர் மேல் என்ன குற்றம்? மாட்ட இடம் இல்லை.

நம் நாட்டில் 1996-ம் ஆண்டு கட்டிடத் தொழிலாளர் சட்டம், புதிதாகக் கட்டுவதை மட்டும் அல்லாமல் பழுது பார்ப்பு, பராமரிப்பு வேலைகளையும் சேர்த்தே கட்டிட வேலை என்றது. சாரம், பெல்ட், உயிர்க்கயிறு பற்றி எல்லாம் அதன் விதிகளில் இருக்கிறது. 2025-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு தொழில் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணி நிலைமைகள் சட்டத் தொகுப்பு வந்து விட்டது. மாறும் காலத்தில் பழைய விதிகள் தொடரும் என்று மத்திய அரசு அறிவித்தது. பழையதிலும் புதியதிலும் ஒரே ஓட்டை இருக்கிறது. 10 பேருக்குக் குறைவாக ஆள் வைத்துச் செய்யும் வேலைக்கு அது பொருந்தாது. கடை மாடியில் தொங்குவது எத்தனை பேர்? இரண்டு, மூன்று, மிஞ்சினால் ஐந்து. ஆக, ரொம்பவும் ஆபத்தான வேலையே சட்டத்தின் வலைக்கு வெளியே போய் விடுகிறது.

ஆனால் அதனால் முதலாளி தப்பி விடலாம் என்று நினைக்க வேண்டாம். அஜாக்கிரதையால் சாவு நேர்ந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 106-வது பிரிவில் 5 ஆண்டு வரை ஜெயில் உண்டு. அதற்குத் தலை எண்ணிக்கை கிடையாது. 1923-ம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், ஒரு மாடிக்கு மேற்பட்ட கட்டிடத்தின் பராமரிப்பு வேலையில் அடிபட்டவருக்கும் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அந்த ஏற்பாடு இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் வந்திருக்கிறது.

என்ன செய்யலாம்?

கட்டிட உரிமையாளர் ஒரு என்ஜினீயரை மாடிக்கு அழைத்துப் போய்க் காட்ட வேண்டும். கான்கிரீட் தூண், பீம் இருக்கும் இடமாகப் பார்த்து, துருப்பிடிக்காத எவர்சில்வர் கொக்கியை துளையிட்டுப் பதிக்க வேண்டும். மேலே உள்ள தட்டோட்டிலோ, சுருக்கியிலோ போல்ட்டை முடுக்கினால் அது பிடிமானமே இல்லை, கையோடு வரும். அடியில் உள்ள கான்கிரீட்டுக்குள் இறங்க வேண்டும். பசை ஊற்றிப் பதிக்கும் போல்ட் என்றால் துளையில் உள்ள தூசியை ஊதி எடுத்து, காய நேரம் விட வேண்டும். பிறகு இழுத்துப் பார்க்கும் கருவியால் சோதித்து, தேதி, தாங்கும் எடை எழுதிய தகட்டை அதன் பக்கத்தில் மாட்ட வேண்டும். புதிதாகக் கட்டுகிறவர்கள் தளம் போடும்போதே இதைச் செய்து விட்டால் செலவு தெரியவே தெரியாது. எலிவேஷனுக்கும் கலர் லைட்டுக்கும் செலவழிக்கிறவர்களுக்கு நாலு கொக்கி பெரிய காரியமா?

கொக்கி இல்லாத பழைய கட்டிடத்தில் இன்றைக்கே வேலை என்றால், லிப்ட் அறை அல்லது படிக்கட்டு அறையின் முழு கான்கிரீட் தூணைச் சுற்றி, இரண்டு கயிறையும் இரண்டு வேறு தூணில் கட்டலாம். அந்தத் தூண் தாங்குமா என்று என்ஜினீயர் பார்த்த பிறகுதான். அதற்கும் வழி இல்லை என்றால் சாரம் கட்டித்தான் ஆக வேண்டும்.

பெயிண்டர்கள் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நலவாரியத்தில் பதிவு செய்ய முடியும். 18 வயதில் இருந்து 60 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். விபத்து உதவித்தொகை, பிள்ளைகள் படிப்புக்கு உதவி எல்லாம் அதன் வழியாகத்தான் வரும். பதிவு செய்தும் புதுப்பிக்காமல் விட்டவர்கள் அட்டையை எடுத்து தேதியைப் பார்த்துக் கொள்வது நல்லது. 10 பேர் கணக்கில் விடுபட்டுப் போகும் தொங்கு வேலைக்கும் விதி வேண்டும் என்று கேட்க நினைக்கும் சங்கங்கள், திங்கட்கிழமை தோறும் கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கலாம்.